பிள்ளைக்காம்பராவுக்கு எட்டாத புத்தகம்

யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் மலைகளில் விடிவதற்கு முன்பே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் பால் வெட்டுகிறவர்கள் காலையிலேயே மரத்தடிக்குப் போயாக வேண்டும். கைக்குழந்தை உள்ள பெண், குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு முதலில் பிள்ளைக்காம்பராவுக்குப் போவாள். ஆயாவின் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுத்தான், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஓடுவாள். அரசாங்கக் கடதாசிகளில் அந்தக் கட்டடத்துக்கு இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். லயங்களில் வாழும் தோட்டத்து மக்களின் வாயில் அது இன்னும் பிள்ளைக்காம்பராதான்.

அப்படிப் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போன ஒரு தாயை எனக்குத் தெரியும். மகனுக்கு மூன்றரை வயது. பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பால் பிடிக்கும் சிரட்டைகளை வாசலில் வரிசையாக அடுக்குவான். ஒன்று நகர்ந்தாலும் அலறுவான். தகரத்தில் மழை விழத் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிடுவான். கேகாலை மாவட்டத்தின் இந்தப் பக்கத்தில் மழை கொஞ்சமாகவா பெய்கிறது?

“நான் பால்வெட்டுக்குப் போனதாலதான் டீச்சர் இவன் இப்புடி ஆகிட்டானாம். மாமி சொல்றாங்க, பக்கத்துக் காம்பராவுலயும் அதத்தான் சொல்றாங்க. நான் வீட்டுல இருந்திருந்தா பேசியிருப்பானா?”

வைத்தியம் எங்கே கிடைக்கும் என்று அவள் கேட்கவில்லை. தன் குற்றமா என்றுதான் கேட்டாள்.

அவளுக்கு நான் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். இல்லை. நீ வேலைக்குப் போகாமல் மடியிலேயே வைத்திருந்தாலும் அவன் இப்படித்தான் இருந்திருப்பான். இந்த ஒரு வரியை ஒரு தாயிடம் ஐயமில்லாமல் சொல்லும் நிலைக்கு வர, படித்த உலகத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த வரிக்காகப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர் ஓர் உளவியலாளர். பெற்றோருக்காகவும் மருத்துவர்களுக்காகவும் எழுதிய அவரது வாழ்க்கையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது, ஒதுக்கிவிட வேண்டியதும் இருக்கிறது.

ஓட்டிசம் என்றும் மதியிறுக்கம் என்றும் நாம் சொல்லும் இந்த நிலையை 1943இல் தனியாக இனங்கண்டு எழுதியவர் பால்டிமோர் நகரத்துச் சிறுவர் உளநல மருத்துவர் லியோ கானர். எட்டு ஆண், மூன்று பெண் என்று 11 பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை அது. இவர்கள் பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவர்கள் என்று கட்டுரையின் முடிவில் எழுதினார். அதே கட்டுரையில், இந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் மனக்கனிவு உள்ளவர்கள் மிகக் குறைவு என்றும் ஒரு வார்த்தை விட்டார். முதலாவதை உலகம் மறந்தது. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. தாய் குளிர்ப்பெட்டி போல இருந்ததால் பிள்ளை உறைந்துபோனது என்ற பேச்சு அமெரிக்காவின் மருத்துவமனைகளில் பரவியது. 1967இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் புரூனோ பெட்டல்ஹெய்ம் இதற்கு ஒரு தடித்த புத்தகமே எழுதினார். நாசி வதைமுகாம்களில் அடைபட்டிருந்து மீண்டவர் அவர். முகாமில் கைதிகள் தமக்குள் ஒடுங்கிப்போனது போல, தன்னை வேண்டாம் என்று நினைக்கும் தாயிடமிருந்து பிள்ளை ஒடுங்கிக்கொள்கிறது என்பது அவர் வாதம். பெயர்பெற்ற பத்திரிகைகள் இதைப் பாராட்டின. லயத்தில் மாமியார் வாய்மொழியாகச் சொன்னதைச் சிக்காகோவில் ஒரு பேராசிரியர் அச்சில் சொன்னார். இரண்டும் ஒரே பழிதான்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே சான் டியேகோவில் பேர்னார்ட் ரிம்லாண்ட் என்பவர் இந்தப் பழியை உடைக்க உட்கார்ந்திருந்தார். 1928இல் பிறந்தவர். உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஆனால் அவர் வேலை பிள்ளைகளோடு அல்ல. அமெரிக்கக் கடற்படைக்கு ஆள் தெரிவு செய்யும் பரீட்சைகளை வடிவமைப்பதும் புள்ளிவிபரமும்தான் அவர் தொழில். 1956இல் மகன் மார்க் பிறந்தான். தொட்டிலில் கிடந்தபடி ஓயாமல் அலறினான். தூக்கினால் விறைத்தான். பேசத் தொடங்கியபோது, கேட்டதையே திரும்பத் திரும்பச் சொன்னானே தவிர அதை வைத்து யாரோடும் பேசவில்லை. மனைவி குளோரியாவுக்குத் தன் கல்லூரிக்காலப் பாடப்புத்தகத்தில் இப்படி ஒரு பிள்ளையைப் பற்றிப் படித்த நினைவு. வாகனக் கொட்டகையில் கிடந்த பெட்டிகளைக் கிளறி அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார்கள். உளவியலில் கலாநிதியான தகப்பன் ஓட்டிசம் என்ற சொல்லைக் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு ரிம்லாண்ட் செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். இந்த நிலையைப் பற்றி எழுதப்பட்ட எல்லாவற்றையும் தேடிப் படித்தார். கடற்படை வேலையாகப் போன ஊர்களில் எல்லாம் நூலகங்களில் உட்கார்ந்தார். வேறு மொழிக் கட்டுரைகளை ஆள் பிடித்து மொழிபெயர்த்து வாங்கினார். தாயின் குற்றம் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று பக்கம் பக்கமாகத் தேடினார். ஆதாரம் இல்லை. ஒருவர் சொன்னதை அடுத்தவர் எடுத்துச் சொன்னதுதான் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் செய்திகள் கிடந்தன. அதே தாய் வளர்த்த மற்றப் பிள்ளைகள் சாதாரணமாகப் பேசித் திரிந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருந்ததாகப் பதிவுகள் இருந்தன. பெண்களைவிட ஆண்களில் இது பல மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. பாசக்குறைவு என்ன, ஆண்பிள்ளைகளை மட்டும் தேடிப் பிடிக்குமா?

1964இல் அது புத்தகமாக வந்தது. முன்னுரை எழுதிக் கொடுத்தவர் லியோ கானரே. புத்தகத்தின் பின்னிணைப்பில் ரிம்லாண்ட் ஒரு கேள்விப்பட்டியல் சேர்த்திருந்தார். மருத்துவர்களும் ஆய்வாளர்களும் பயன்படுத்துவார்கள் என்பது எண்ணம். நடந்தது வேறு. பெற்றோர் அந்தப் பக்கங்களைக் கிழித்து, நிரப்பி, அவர் வீட்டு விலாசத்துக்குத் தபாலில் அனுப்பத் தொடங்கினார்கள். கூடவே நீண்ட கடிதங்கள். துறைசார்ந்தோருக்கு என்று எழுதிய புத்தகத்தைத் தாய்மார்கள் தங்கள் புத்தகமாக எடுத்துக்கொண்டார்கள். 1965இல் அந்தப் பெற்றோரோடு சேர்ந்து அவர் தொடங்கிய சங்கம் அமெரிக்காவின் ஓட்டிசச் சங்கமாக இன்றும் இயங்குகிறது. 1969இல் அந்தச் சங்கத்தின் கூட்டத்துக்கு வந்த கானர், பெற்றோராகிய உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்ற பொருளில் மேடையில் சொன்னார். கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 26 ஆண்டுகளாக அந்தப் பழியைச் சுமந்தவர்கள் அவர்கள்.

உறுதியான சான்று 1977இல் வந்தது. சூசன் போல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் பிரித்தானியாவில் 21 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 சோடிகளில் நான்கில் இருவருக்கும் ஓட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருவான 10 சோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. இரு வகையிலும் ஒரே வீடு, ஒரே தாய், ஒரே வளர்ப்பு. வேறுபட்டது மரபணு. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அதை இன்னும் வலுவாக்கின. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இதில் பங்கேற்கின்றன. மூளை நரம்புகள் ஒன்றோடொன்று தொடுக்கப்படும் விதம் கருப்பையிலேயே வேறு வழியில் போகத் தொடங்கிவிடுகிறது. பிள்ளைக்காம்பராவின் வாசலை மிதிக்கும் முன்பே நடந்து முடிந்த காரியம் அது.

அந்த வேறு வழி என்ன என்பதைத் தகரக் கூரையை வைத்தே சொல்லலாம். மழை தொடங்கும்போது எல்லோருக்கும் அது சத்தமாகத்தான் கேட்கிறது. ஐந்து நிமிடத்தில் நம் மூளை அதைப் பழகிக்கொள்கிறது. அடுத்த துளியும் இதே சத்தம்தான் என்று முன்கூட்டியே கணித்து, அந்தச் செய்தியைத் தணித்துவிடுகிறது. ஓட்டிசம் உள்ள பலரிடம் இந்தப் பழகிக்கொள்ளுதல் மெதுவாக நடக்கிறது. ஐந்நூறாவது துளியும் முதல் துளி போலவே வந்து விழும். அப்படிப்பட்ட உலகத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சிரட்டை வரிசை பெரிய ஆறுதல். அடுத்து என்ன என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிகிற ஓரிடம் அது. ஒன்றை நகர்த்தினால் ஏன் அலறுகிறான் என்பது இப்போது விளங்கும்.

இன்னொன்றை நிலாச்சோறு விளக்கும். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு தாய் நிலாவைக் காட்டுகிறாள். பிள்ளை நிலாவைப் பார்க்கிறது, உடனே திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கிறது, மறுபடி நிலாவைப் பார்க்கிறது. நீயும் பார்க்கிறாயா என்று அது பேச்சில்லாமலே கேட்கிறது. பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதை ஒட்டி இதைச் செய்யத் தொடங்கிவிடும். பேச்சு முளைக்கும் நிலம் இதுதான். ஓட்டிசம் உள்ள குழந்தை நிலாவைப் பார்க்கலாம், தாயையும் பார்க்கலாம். இரண்டையும் இணைக்கும் அந்தத் திரும்பல்தான் வராது, அல்லது பிந்தி வரும். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமல் தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன் மேல் வைப்பதும் இதே காரணத்தால்தான்.

இனி ரிம்லாண்டிடம் ஒதுக்க வேண்டியதைச் சொல்ல வேண்டும். பெற்றோரின் வார்த்தையை மதித்தவர், பின்னாளில் அந்த வார்த்தையைச் சோதிக்காமலே நம்பத் தொடங்கினார். அளவுக்கு மிஞ்சிய விற்றமின்களைப் பரிந்துரைத்தார். உடம்பிலிருந்து உலோகங்களை வெளியேற்றும் ஆபத்தான சிகிச்சைகளுக்கு ஆதரவு கொடுத்தார். தடுப்பூசியால் ஓட்டிசம் வருகிறது என்ற வாதத்துக்கும் தோள் கொடுத்தார். 2006இல் இறக்கும் வரை அதைக் கைவிடவில்லை. அந்த வாதத்துக்கு அடித்தளமான அன்ட்ரூ வேக்பீல்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரை 12 பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதப்பட்டது. வெளியிட்ட லான்செட் சஞ்சிகையே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இந்த விடயத்தில் வேறுபாடு இல்லை. நம் தோட்டங்களில் எவ்வளவு கஷ்டத்திலும் தாய்மார் ஊசி நாளைத் தவறவிடுவதில்லை. எந்த வட்ஸ்அப் செய்தியும் அதைக் கெடுத்துவிடக் கூடாது. ஒரு தகப்பன் எழுத்தால் ஆயிரம் தாய்மாரின் சுமையை இறக்கினார். அதே எழுத்தால் இன்னொரு சுமையை ஏற்றியும் வைத்தார். குடும்பங்களுக்கு எழுதுகிறவன் எவ்வளவு பொறுப்போடு எழுத வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு பாதியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ரிம்லாண்டின் புத்தகத்துக்குப் பிறகு, குடும்பங்களுக்கான இந்த எழுத்து வளர்ந்தது. லண்டனில் லோர்னா விங், மகளின் ஓட்டிசத்தோடு வாழ்ந்துகொண்டே பெற்றோருக்கான கையேடு எழுதினார். இது ஒரே மாதிரியான நோயல்ல, பல நிறமுள்ள வானவில் போன்றது என்ற எண்ணத்தை நிலைநாட்டியவரும் அவர்தான். ஜேர்மனியில் பிறந்து லண்டனில் பணியாற்றிய ஊட்டா பிரித் 1989இல் எழுதிய புத்தகம் மூளையின் வழியை விளங்கவைத்தது. அவரிடம் ஆய்வு செய்த டோனி அட்வூட் அவுஸ்திரேலியாவுக்குப் போய், 1998இல் பெற்றோருக்கும் துறைசார்ந்தோருக்கும் என்றே தலைப்பில் சொல்லி ஒரு கையேடு எழுதினார். அவர் மகனுக்கும் ஓட்டிசம் இருந்தது. அதை அவர் கண்டுகொண்டது மகன் வளர்ந்து ஆளான பிறகுதான். இதை அவரே பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். உலகத்துக்கே அடையாளம் சொல்லிக் கொடுத்தவர் வீட்டில் அது தப்பியிருக்கிறது. நாள் முழுதும் மலையில் நிற்கிற தாயிடம், இதைக்கூடக் கவனிக்கவில்லையா என்று கேட்க யாருக்கு வாய் வரும்?

நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பு மருத்துவ பீடத்தின் சிறுவர் உளநல மருத்துவர் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடைய குழுவினரும் ஒரு புறநகர்ப் பகுதியில் ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட 374 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். முடிவு 2009இல் வெளியானது. 93 குழந்தைகளில் ஒன்றுக்கு ஓட்டிசம். வெள்ளைக்காரர் நாட்டு நோய், பணக்கார வீட்டு நோய் என்ற பேச்சுக்கு அந்த எண் முடிவு கட்டியது.

அந்த ஆய்வில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது வேறொன்று. அமெரிக்காவில் உருவான ஒரு கேள்வித்தாளைச் சிங்களத்தில் பெயர்த்துத் தாய்மாரிடம் கொடுத்தபோது, ஓட்டிசம் இருந்த குழந்தைகளில் பெரும்பாலானோரை அது தவறவிட்டது. கேள்விகள் மொழி மாறியிருந்தன. கேள்விக்குள் இருந்த வீடு மாறவில்லை. ஆம், இல்லை என்று கட்டம் நிரப்பச் சொன்னால் நம் தாய்மார் எதை மனதில் வைத்து நிரப்புவார்கள் என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது. அதனால் ஹேமமாலி பெரேரா பின்னர் படங்களைக் கொண்டு ஒரு மதிப்பீட்டு முறையை உருவாக்கினார். நம் வீட்டுப் பிள்ளை நம் வீட்டில் செய்வதைப் படத்தில் காட்டி, உங்கள் பிள்ளை இப்படிச் செய்கிறதா என்று கேட்கும் முறை. அடுத்தவர் புத்தகத்தை மொழிபெயர்ப்பது வேறு, நம்மவர்களுக்குப் புத்தகம் எழுதுவது வேறு. அவர் அந்த இரண்டாவது வேலையைச் செய்தார்.

தமிழில் தமிழ்நாட்டு எழுத்தாளர் யெஸ். பாலபாரதியின் ‘ஆட்டிசம் சில புரிதல்கள்’ இருக்கிறது. தெளிவான, கனிவான புத்தகம். யட்டியாந்தோட்டை லயத்துத் தாய்க்கு அதைக் கொடுத்துப் பார்த்தேன். படித்தாள். நல்லா இருக்கு என்றாள். பிறகு, “இதுல பிள்ளைக்காம்பரா இல்லையே டீச்சர்” என்றாள். புத்தகத்தில் குறை இல்லை. சென்னையில் இருந்து எழுதுகிறவருக்குப் பிரட்டு நேரமும் நாட்கூலியும் எப்படித் தெரியும்? அந்தப் பகுதியை எழுத வேண்டியவர்கள் நாம்.

ஏனென்றால் இங்கே பிரச்சினை வேறு மாதிரி. கரவனெல்லையிலோ அவிசாவளையிலோ வைத்தியசாலைக்குப் போனால் பேச்சுவார்த்தை பெரும்பாலும் சிங்களத்தில். தாய்க்குச் சந்தைச் சிங்களம் தெரியும், மகனின் நடத்தையை விவரிக்கும் சிங்களம் தெரியாது. அங்கிருந்து பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ, ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இணைந்த அயாத்தி நிலையத்துக்கோ அனுப்பினால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். தமிழில் பயிற்சி கொடுக்கக்கூடிய பேச்சுச் சிகிச்சையாளர் மிகச் சிலரே. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் சிங்களம் என்று இரண்டு மொழி கேட்டதால்தான் பேச்சு வரவில்லை என்று சொல்லி, தமிழை நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு. அது தவறான அறிவுரை. இரண்டு மொழி கேட்பது ஓட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சைக் கெடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாய் தன் வாய்க்கு வந்த மொழியில் பேசாமல் விட்டால்தான் பிள்ளை இழக்கிறது.

கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2015இன் முடிவில் வெளியான ஓர் ஆய்வு எனக்கு நம்பிக்கை தருகிறது. ஓட்டிசம் உள்ள 65 பிள்ளைகள் அதில் இருந்தார்கள். சிறப்பு மருத்துவர்கள் போதாது என்பதால், பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் வீடுகளுக்குப் போனார்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதைச் சில நிமிடம் வீடியோ எடுத்தார்கள். பிறகு தாயோடு சேர்ந்து உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் நீங்கள் கேள்வி கேட்காமல் கொஞ்சம் காத்திருந்தீர்கள், பாருங்கள், பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்த்தது என்று காட்டினார்கள். பிள்ளையை மாற்றச் சொல்லவில்லை. பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைத் தாயும் பார்க்கவும், அதைப் பற்றியே குறைந்த சொற்களில் பேசவும், பதிலுக்கு இடம் விடவும் பழக்கினார்கள். 12 சந்திப்புகளுக்குப் பிறகு தாய்மார் பிள்ளையோடு ஒத்துப் பழகுவது தெளிவாகக் கூடியது. பிள்ளைகளும் தாமாகப் பேச்சுக்கு வருவது கூடியது. ஓட்டிசம் போகவில்லை. வீட்டுக்குள் ஒரு கதவு திறந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பிள்ளைக்காம்பரா ஆயாதான். கைக்குழந்தையிலிருந்து ஐந்து வயது வரை, ஒரே வயதுப் பிள்ளைகள் பலரை ஒரே இடத்தில், வருடக்கணக்காகப் பார்க்கிற ஆள் இந்த நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? எந்தப் பிள்ளை பெயருக்குத் திரும்புகிறது, எது திரும்பவில்லை என்று அவளுக்குத் தெரியும். எந்த நகரத்து மருத்துவருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. தாய் வேலைக்குப் போனதால் பிள்ளை கெட்டது என்று பழி சுமத்தப்பட்ட அந்தக் கட்டடமே, பிள்ளையை முதலில் இனங்காணும் இடமாக முடியும். அவள் கையில் கொடுக்க நாலைந்து பக்கத்தில் ஒரு தமிழ்ப் புத்தகம் வேண்டும். படங்களோடு, தோட்டத்துச் சொற்களோடு. அதன் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய வரி எனக்குத் தெரியும். இது அம்மா செய்த தப்பில்லை.

சிரட்டை அடுக்கும் பையனின் தாய் இப்போது அவனோடு சேர்ந்து தானும் சிரட்டை அடுக்குகிறாள். ஒன்றை வைத்துவிட்டு, அடுத்ததைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். முதலில் அவன் அதைப் பறித்தான். பிறகு கை நீட்டினான். போன மாதம் ஒருமுறை சிரட்டையைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்திருக்கிறான். அதைச் சொல்வதற்காகவே மலையிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

இதைப் படிக்கிற மருத்துவமாதுகளிடமும், ஆயாக்களிடமும், தோட்டப் பாடசாலை ஆசிரியர்களிடமும் நான் கேட்பது சிறிய உதவிதான். ஒன்றரை வயதாகியும் பெயருக்குத் திரும்பாத, விரல் நீட்டிக் காட்டாத பிள்ளை உங்கள் கண்ணில் பட்டால், நாள் போகட்டும் பேசும் என்று சொல்லி அனுப்பாதீர்கள். தாயை ஒரு வார்த்தையும் குறை சொல்லாமல், அடுத்த கிளினிக்குக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.